ஒரு சிறு குழல் வைரஸும் ஒரு மனித மரபணுவும்

மனிதருக்குப் புரதம் செய்யும் மரபணுக்கள் ஏறக்குறைய 20 ஆயிரம். அவற்றில் பெயர் அதிகம் அடிபடாத ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் எழுத்து வரிசை தெரியும். எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று தெரியும். நோயுள்ள ஏதோ ஒரு குடும்பத்தில் அதில் ஓர் எழுத்து மாறியிருப்பதும் தெரியும். ஆனால் அதன் புரதம் செல்லுக்குள் எங்கே தங்குகிறது, எந்தப் புரதங்களோடு சேர்ந்து வேலை பார்க்கிறது என்று கேட்டால் பதில் இருக்காது. இப்படிப்பட்ட மரபணுக்கள் இன்னும் நிறைய இருக்கின்றன.

அந்தப் புரதத்தை மட்டும் பிடிக்கும் ஓர் ஆன்டிபாடி கையில் இருந்தால் பாதிக் கிணறு தாண்டிவிடலாம். செல்லில் அதை ஒளிரவைத்துப் பார்க்கலாம், அதோடு ஒட்டி வருபவற்றை மீன்பிடிப்பதுபோல் வெளியே இழுக்கலாம். சிக்கல் என்னவென்றால், பல புரதங்களுக்கு நம்பகமான ஆன்டிபாடியே கிடையாது. இருப்பதாகச் சொல்லப்படுபவையும் பக்கத்து வீட்டுப் புரதத்தைப் பிடித்து ஏமாற்றுவது உண்டு. ஒரு புரதத்துக்கு நல்ல ஆன்டிபாடி செய்வதற்கே பல மாதங்கள் ஆகும். 20 ஆயிரத்துக்குச் செய்வதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

அதனால் 1980களில் ஆராய்ச்சியாளர்கள் கணக்கைத் திருப்பிப் போட்டார்கள். ஆன்டிபாடியைப் புரதத்துக்கு ஏற்றபடி தேடுவதை விட்டு, கையில் ஏற்கனவே இருக்கும் நல்ல ஆன்டிபாடிக்கு ஏற்றபடி புரதத்தையே சற்று மாற்றினார்கள். மரபணுவின் முனையில் சில எழுத்துகளைச் சேர்த்தால், அந்தப் புரதம் ஒரு சிறிய வாலோடு பிறக்கும். அந்த வாலுக்குப் பெயர்தான் டேக். எந்தப் புரதமாக இருந்தாலும் வால் ஒன்றே. பிடிக்கும் ஆன்டிபாடியும் ஒன்றே.

மிக் டேக் பத்து அமினோ அமிலங்கள் கொண்டது. மனிதனின் சி-மிக் புரதத்திலிருந்து எடுத்த துணுக்கு அது. அதைப் பிடிக்கும் 9இ10 என்ற ஆன்டிபாடி 1985இல் வெளிவந்தது. ஃபிளாக் டேக் எட்டே அமினோ அமிலங்கள். இயற்கையில் எந்தப் புரதத்திலிருந்தும் எடுக்காமல், மனிதர்கள் யோசித்து அமைத்தது. ஃபிளாக் என்பது வணிகப் பெயர் என்பதால், அதே எட்டு எழுத்துத் தொடரை டிடிகே என்று வேறு பெயரிட்டு விற்பதும் உண்டு. விற்பனைப் பட்டியலில் மிக்-டிடிகே என்று பார்த்துக் குழம்பும் மாணவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹெச்ஏ டேக் இன்ஃப்ளூயன்சா வைரஸின் மேற்பரப்புப் புரதத்திலிருந்து வந்த ஒன்பது அமினோ அமிலங்கள். இவற்றுக்கு எதிர்முனையில் நிற்பது ஜிஎஃப்பி. ஜெல்லி மீனிலிருந்து கிடைத்த இந்தப் பச்சை ஒளிர்ப் புரதம் 238 அமினோ அமிலங்கள் நீளம். இதற்கு ஆன்டிபாடி கூட வேண்டாம். உயிரோடு இருக்கும் செல்லிலேயே ஒளிரும். அந்த வசதிக்கு விலை அதன் பருமன். யுபிகுவிட்டின் போன்ற ஒரு புரதமே 76 அமினோ அமிலங்கள்தான். அதோடு ஜிஎஃப்பியைச் சேர்த்தால், வால் உடலைவிட மூன்று மடங்கு பெரிதாகிவிடும்.

டேக் கட்டிய மரபணுவை மனித செல்லுக்குள் எப்படி நிலையாகச் சேர்ப்பது என்ற இடத்தில்தான் லென்டிவைரஸ் வருகிறது.

ஏன் வைரஸ், அதிலும் ஏன் இந்த வைரஸ்

பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையத்தைக் கொழுப்புத் துளிகளில் பொதிந்து செல்லின்மேல் ஊற்றும் முறை பழையது. டிரான்ஸ்ஃபெக்ஷன் என்று ஆய்வகத்தில் சொல்வது அதைத்தான். எளிது, மலிவு. ஆனால் பெரும்பாலான செல்களில் அந்த டிஎன்ஏ குரோமோசோமில் சேராது; செல் பிரியப் பிரியக் கரைந்து, சில நாள்களில் காணாமல் போகும். நரம்பு செல்கள், ரத்த செல்கள், நோயாளியிடமிருந்து நேராக எடுத்த செல்கள் போன்றவற்றில் இது சரியாக நுழைவதும் இல்லை. ஆய்வுக்கு மிகவும் வேண்டிய செல்களே மிகவும் முரண்டு பிடிப்பவை.

ரெட்ரோவைரஸ் குடும்பம் இந்த வேலைக்கென்றே பிறந்ததுபோல் இருக்கிறது. ஆர்என்ஏவாக வந்து, செல்லுக்குள் தன்னை டிஎன்ஏவாக மாற்றி, அதைக் குரோமோசோமில் தைத்துவிட்டுப் போகும். ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதியை 1970இல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே கண்டறிந்தார்கள். ஐந்தே ஆண்டுகளில் நோபல் பரிசும் கிடைத்தது. முதலில் பயன்பாட்டுக்கு வந்தவை எலியின் ரெட்ரோவைரஸிலிருந்து செய்த, மரபணுவைச் சுமந்து செல்லும் கடத்திகள். அவற்றுக்கு ஒரு பலவீனம் உண்டு. செல் பிரியும்போது உட்கருவின் சவ்வு கலையும் அந்தச் சிறு இடைவெளிக்காக அவை காத்திருக்க வேண்டும். பிரியாத செல்லில் வாசலிலேயே நின்றுவிடும்.

அதே குடும்பத்தைச் சேர்ந்த லென்டிவைரஸ்களுக்கு, குறிப்பாக ஹெச்ஐவிக்கு, இந்தக் காத்திருப்பு தேவையில்லை. உட்கருவின் துளைகள் வழியாகவே உள்ளே போகத் தெரிந்தவை அவை. 1996இல் லூயிஜி நால்டினி, இந்தர் வர்மா, டிடியே ட்ரோனோ உள்ளிட்ட குழு ஹெச்ஐவியிலிருந்து செய்த கடத்தியால் எலி மூளையின் நியூரான்களுக்குள் மரபணுவைக் கொண்டுபோய்க் காட்டியது. முதிர்ந்த நியூரான்கள் பிரிவதில்லை. அதுவரை மூடியிருந்த ஒரு கதவு அன்று திறந்தது.

ஹெச்ஐவி என்ற பெயரைக் கேட்டதும் எழும் அச்சம் நியாயமானது. அதற்குப் பதில் சொல்லாமல் மேலே போகக் கூடாது. ஆய்வகக் குழலில் இருப்பது ஹெச்ஐவியா? இல்லை. ஏன் இல்லை என்பது அழகான பொறியியல்.

ஹெச்ஐவியின் மரபுத்தொகுதி 10 ஆயிரம் எழுத்துகளுக்குச் சற்றுக் குறைவு; அதில் ஒன்பது மரபணுக்கள். அவற்றில் நோயை வளர்க்கத் துணைபோகும் நான்கை முதலில் எடுத்தார்கள். செல்லைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் உறைப் புரதத்தையும் எடுத்துவிட்டு, கால்நடைகளைத் தாக்கும் வெசிகுலர் ஸ்டொமடைடிஸ் வைரஸின் ஜி புரதத்தை அதன் இடத்தில் போர்த்தினார்கள். 1998இல் வந்த மூன்றாம் தலைமுறை அமைப்பில் டாட் மரபணுவும் போனது. மிச்சம் காக், போல், ரெவ் என்ற மூன்று மட்டுமே. அந்த மூன்றும்கூட ஒரே இடத்தில் இல்லை. வைரஸின் உடலைச் செய்யும் பிளாஸ்மிட் ஒன்று, ரெவ் இன்னொன்றில், உறை மூன்றாவதில், நமக்கு வேண்டிய மனித மரபணு நான்காவதில். வைரஸ் துகளுக்குள் ஏற்று என்று சொல்லும் சை என்ற அடையாளம் நான்காவது பிளாஸ்மிட்டுக்கு மட்டும்தான் உண்டு. ஆகவே வைரஸின் உடலைச் செய்யும் அறிவு துகளுக்குள் ஏறுவதே இல்லை. போய்ச் சேர்ந்த செல்லில் புதிய துகள் உருவாக வழியில்லை. ஒருவழிப் பயணம்.

இதற்கு மேலும் ஒரு பூட்டு போட்டார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த யோசனை இதுதான். ரெட்ரோவைரஸின் இரு முனைகளிலும் எல்டிஆர் என்ற ஒரே மாதிரியான தொடர் இருக்கும். வைரஸின் மரபணுக்களை முடுக்கும் விசை அதில் இருக்கிறது. ஆர்என்ஏ டிஎன்ஏவாக மாறும்போது, பின்முனையில் உள்ள விசைப் பகுதியைப் பார்த்துத்தான் முன்முனையும் எழுதப்படும். ஆகவே பிளாஸ்மிட்டின் பின்முனையில் மட்டும் அந்தப் பகுதியை வெட்டிவிட்டால் போதும். துகள் உருவாகும்வரை முன்முனை வேலை செய்யும்; செல்லின் குரோமோசோமில் சேர்ந்தபின் இரு முனையும் செத்திருக்கும். வைரஸ் தன் இயல்பான நகலெடுப்பின் வழியாகவே தன்னை முடக்கிக்கொள்கிறது. அதன் பிறகு மனித மரபணுவை இயக்குவது நாம் நடுவில் வைத்த புரமோட்டர் என்ற விசை மட்டுமே.

துகளைச் செய்யும் செல்கள்

இந்த நான்கு பிளாஸ்மிட்டுகளையும் ஒருசேர ஏற்றுக்கொள்ளும் செல் ஹெச்இகே 293டி. 1973இல் லெய்டனில் ஃபிராங்க் கிரஹாம் உருவாக்கிய மனிதச் சிறுநீரக செல் வரிசையின் வழித்தோன்றல். டிரான்ஸ்ஃபெக்ஷனை மறுக்காமல் ஏற்கும், புரதத்தை வாரி வழங்கும். பிளாஸ்மிட் சேர்த்து இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் செல்களின்மேல் நிற்கும் திரவத்தை எடுத்தால், அதில் துகள்கள் மிதக்கும். 0.45 மைக்ரான் வடிகட்டியில் செல் குப்பையை நீக்கி, தேவைப்பட்டால் அதிவேக மையவிலக்கியில் செறிவூட்டி, மைனஸ் 80 டிகிரியில் உறையவைப்பார்கள். நிறுவனங்களிடம் ஆயத்தமாக வாங்கும் குழல்களில் இருப்பதும் இதே பொருள்தான். உருக்கி மீண்டும் உறையவைக்கும் ஒவ்வொரு முறையும் வீரியம் குறையும். அதனால் முதல் நாளே சிறு பங்குகளாகப் பிரித்து வைப்பது நல்லது.

துகளில் எவ்வளவு நீளமான மரபணு ஏறும் என்பதற்கு வரம்பு உண்டு. இரு முனைகளுக்கு நடுவே 8 ஆயிரம் எழுத்துகளைத் தாண்டத் தாண்ட உருவாகும் நல்ல துகள்களின் எண்ணிக்கை விழும். பெரும்பாலான மனிதப் புரதங்களுக்கு இந்த இடம் தாராளம். காரணம், இங்கே ஏற்றுவது குரோமோசோமில் உள்ள முழு மரபணுவை அல்ல. இடையில் வெட்டி எறியப்படும் இன்ட்ரான்கள் நீங்கி, தொடக்கக் கோடான் (கோடான் என்பது மூன்றெழுத்துச் சொல்) முதல் முடிவுக் கோடான் வரை உள்ள புரதச் செய்தியை மட்டும். ஓஆர்எஃப் என்பது அதன் பெயர். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயோடு தொடர்புள்ள சிஎஃப்டிஆர் சுமார் 4,400 எழுத்துகள், ஏறிவிடும். டிஸ்ட்ரோஃபின் 11 ஆயிரம், ஏறாது. தசையின் டைட்டின் லட்சத்தைத் தொடும். அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஓஆர்எஃப் என்பதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு மரபணுவிலிருந்து வெவ்வேறு விதமாக வெட்டி ஒட்டப்பட்ட பல செய்திகள் வரலாம். குழலில் இருப்பது அவற்றில் ஒன்று மட்டுமே. நீங்கள் ஆராயும் திசுவில் முக்கியமாக இருக்கும் வடிவம் அதுதானா என்று பார்க்காமல் வாங்கினால், வேறொரு புரதத்தை மாதக்கணக்கில் ஆராய்ந்துகொண்டிருப்பீர்கள். மரபணுவின் பெயரோடு நிறுத்தாமல், தரவுத்தளத்தில் அந்தச் செய்திக்கு உரிய எண்ணையும் ஒப்பிட வேண்டும். ஐந்து நிமிட வேலை. இதைச் சொல்லிக்கொடுக்காமல் விடுவது பெரும் தவறு என்று நினைக்கிறேன்.

எத்தனை துகள், எத்தனை நகல்

குழலின்மேல் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு கோடி டியூ என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டியூ என்பது துகள்களின் எண்ணிக்கை இல்லை. செல்லுக்குள் மரபணுவை உண்மையிலேயே சேர்க்கத் திறனுள்ள அலகுகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு நல்ல துகளுக்கும் கூடவே நூற்றுக்கணக்கில் உதவாத துகள்கள் மிதக்கும். பி24 என்ற வைரஸ் புரதத்தை அளந்து சொல்லும் எண், நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணியது. இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டால் கணக்கு நூறு மடங்கு தவறும்.

டியூ கூட எல்லா செல்லுக்கும் பொருந்தாது. எளிதில் தொற்றும் ஒரு செல்லில் அளந்த எண் அது. நோய் எதிர்ப்பு செல்களான மேக்ரோஃபேஜ், ஓய்வில் இருக்கும் டி செல் ஆகியவற்றில் டிஎன்ஏ செய்யத் தேவையான கட்டுமானப் பொருளையே எஸ்ஏஎம்ஹெச்டி1 என்ற புரதம் தீர்த்துவைத்திருக்கும்; அங்கே அதே குழல் பல மடங்கு மெலிந்து போகும்.

செல் ஒன்றுக்கு எத்தனை டியூ கொடுக்கிறோம் என்பதை எம்ஓஐ என்பார்கள். ஒரு லட்சம் செல்லுக்கு ஒரு லட்சம் டியூ கொடுத்தால் எம்ஓஐ 1. அப்படியானால் செல்லுக்கு ஒன்று வீதம் போகும் என்று தோன்றும். போகாது. துகள்கள் மழைத்துளிபோல் எங்கெங்கோ விழுகின்றன. சில செல்களில் இரண்டு மூன்று விழும், சிலவற்றில் ஒன்றுமே விழாது. புவாசான் கணக்கின்படி, எம்ஓஐ 1 கொடுத்தால் 37 சதவீத செல்கள் வெறுமனே நிற்கும், 37 சதவீதம் ஒரு நகல் பெறும், மீதி 26 சதவீதத்தில் இரண்டோ அதற்கு மேலோ சேரும். எம்ஓஐ 0.3 என்று குறைத்தால் 26 சதவீத செல்களில்தான் மரபணு சேரும். ஆனால் சேர்ந்தவற்றில் 86 சதவீதத்தில் ஒரே நகல் இருக்கும். மேலே சொன்ன குழலில் இதற்குத் தேவை 3 மைக்ரோலிட்டர் மட்டுமே.

செல்லெல்லாம் பச்சையாக ஒளிர வேண்டும் என்ற ஆசையில் எம்ஓஐயை 5, 10 என்று ஏற்றுபவர்கள் அதிகம். படம் அழகாக வரும். உள்ளே ஒவ்வொரு செல்லிலும் சராசரி ஐந்தோ பத்தோ நகல்கள், குரோமோசோமில் ஐந்தோ பத்தோ இடங்களில் தைத்திருக்கும். லென்டிவைரஸ் கண்ட இடத்தில் தைப்பதும் இல்லை. செல்லின் எல்இடிஜிஎஃப் என்ற புரதம் கைகாட்டும் திசையில், சுறுசுறுப்பாக இயங்கும் மரபணுக்களுக்குள்ளேயே பெரும்பாலும் போய் உட்காரும். நகல் கூடக்கூட, ஏதோ ஒரு சொந்த மரபணு கலைக்கப்படும் வாய்ப்பும் கூடும். வந்த விளைவு நாம் சேர்த்த புரதத்தாலா, உடைந்துபோன வேறொன்றாலா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். ஆகவே குறைந்த எம்ஓஐயில் தொற்றவைத்து, சேராத செல்களைப் பியூரோமைசின் போன்ற மருந்தால் நீக்கி, மிஞ்சியவற்றை வளர்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பியூரோமைசின் இரண்டு மூன்று நாளில் வேலையை முடித்துவிடும். எந்த அளவில் தன் செல் சாகிறது என்பதை அவரவர் முன்கூட்டியே சோதித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் கட்டுரையில் படித்த அளவை அப்படியே எடுப்பது சூதாட்டம்.

மருந்துக்குத் தப்பிய செல்லில் நம் புரதம் இருந்தே தீரும் என்று எண்ணிவிடவும் கூடாது. மருந்தை எதிர்க்கும் மரபணு தனிப் புரமோட்டரில் இருந்தால், அது இயங்க நம் மரபணு உறங்கலாம். இரண்டையும் ஒரே செய்தியில் எழுதி, நடுவே 2ஏ என்ற சிறு தொடரை வைத்தால், ரைபோசோம் அந்த இடத்தில் ஓர் இணைப்பைத் தவறவிட்டு இரண்டு புரதங்களாகப் பிரித்துத் தரும். அப்போது இரண்டும் சேர்ந்தே உயரும், சேர்ந்தே விழும். இதிலும் ஒரு சில்லறைக் கடன் உண்டு: முன்னால் இருக்கும் புரதத்தின் வாலில் சுமார் 20 அமினோ அமிலங்கள் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

தொற்றவைத்த முதல் ஓரிரு நாளில் தெரியும் ஒளியை நம்ப வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். துகள் செய்த செல்லிலிருந்து ஒட்டி வந்த புரதமும், எஞ்சிய பிளாஸ்மிட்டும் அந்த ஒளியைத் தரலாம். மூன்று நாளுக்குப் பின் எஞ்சுவதே கணக்கு.

வால் எந்த முனையில்

புரதத்தின் இரு முனையும் சும்மா தொங்கும் நூல் நுனிகள் என்று பாடப்புத்தகப் படங்கள் எண்ணவைக்கின்றன. பல புரதங்களுக்கு முகவரி எழுதியிருப்பதே அந்த முனையில்தான்.

ராஸ் புரதத்தைப் பாருங்கள். புற்றுநோய் ஆய்வில் இதைவிடப் பேசப்பட்ட புரதங்கள் குறைவு. அதன் கடைசி நான்கு அமினோ அமிலங்களைப் பார்த்துத்தான் ஒரு நொதி அங்கே கொழுப்புச் சங்கிலியை இணைக்கிறது. அந்தக் கொழுப்பின் பிடியில்தான் ராஸ் செல்சவ்வில் நிற்கிறது. பின்முனையில் டேக்கை வைத்தால் அந்த நான்கும் கடைசியாக இருக்காது. கொழுப்பு ஏறாது, ராஸ் சவ்வுக்குப் போகாது, வேலையும் நடக்காது. பெராக்சிசோம் என்ற செல் உறுப்புக்குச் செல்ல வேண்டிய பல புரதங்களின் அனுமதிச் சீட்டும் கடைசி மூன்று அமினோ அமிலங்கள்தான். யுபிகுவிட்டின் மற்ற புரதங்களோடு இணைவதே தன் பின்முனையால். அங்கே எதை வைத்தாலும் அது ஊமையாகிவிடும்.

சரி, முன்முனையில் வைக்கலாமே என்றால், அங்கேயும் நெரிசல்தான். செல்லைவிட்டு வெளியேறும் புரதங்களின் முன்முனையில் வழிகாட்டித் தொடர் இருக்கும். உள்ளே நுழைந்ததும் அதை வெட்டி எறிந்துவிடுவார்கள். முன்னால் கட்டிய டேக் அந்த வெட்டோடு சேர்ந்தே போகும், அல்லது வழிகாட்டியை மறைத்துப் புரதத்தை வாசலிலேயே நிறுத்தும். மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகும் பெரும்பாலான புரதங்களுக்கும் இதே கதை. சவ்வில் ஜிபிஐ என்ற கொழுப்பு நங்கூரத்தால் நிற்கும் புரதங்களில் இரு முனையிலும் வெட்டு விழும்; அங்கே டேக்கை நடுவில் எங்காவது செருக வேண்டும்.

வணிகத் தொகுப்புகளும் பொதுத் தொகுப்புகளும் பெரும்பாலும் பின்முனையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பின்முனை டேக் தெரிந்தால், புரதம் கடைசிவரை எழுதி முடிக்கப்பட்டது என்று பொருள். முன்முனை டேக் பாதியில் நின்ற துண்டையும் காட்டும். ஆனால் பின்முனை டேக்குக்காக மரபணுவின் சொந்த முடிவுக் கோடானை எடுத்திருப்பார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அந்த ஓஆர்எஃப்பை டேக் இல்லாத வேறொரு பிளாஸ்மிட்டுக்கு மாற்றினால், ரைபோசோம் நிற்க இடம் தெரியாமல் பிளாஸ்மிட்டின் எழுத்துகளையும் சேர்த்துப் படித்துக்கொண்டே போகும்.

மிக் டேக்கில் இன்னொரு சிக்கல். 9இ10 ஆன்டிபாடி மனித மிக் புரதத்துக்கு எதிராகச் செய்யப்பட்டது. மிக் நிறைந்த புற்று செல்லில் அது செல்லின் சொந்த மிக்கையும் பிடிக்கும். புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில், எதுவுமே சேர்க்காத செல்லின் தடத்திலும் ஒரு பட்டை தெரிந்தால் வியக்க வேண்டியதில்லை. அதைக் கண்டுகொள்ள, சேர்க்காத செல்லின் தடத்தை ஒவ்வொரு முறையும் பக்கத்தில் ஓட்டியிருக்க வேண்டும்.

இத்தனை தடைகளுக்கு நடுவிலும் இந்த முறை தந்திருப்பது கொஞ்சமல்ல. 2011இல் அமெரிக்காவின் பிராட் நிறுவனமும் டேனா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனமும் சேர்ந்த கூட்டணி 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனித மரபணுக்களின் ஓஆர்எஃப்களை, வி5 என்ற இன்னொரு டேக்கோடு லென்டிவைரஸ் பிளாஸ்மிட்டில் வைத்துப் பொதுவில் கொடுத்தது. ஹார்வர்டில் நடந்த பயோபிளெக்ஸ் திட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. எடுத்துக்கொண்ட ஒவ்வொரு மனிதப் புரதத்தின் பின்முனையிலும் ஃபிளாக்கும் ஹெச்ஏவும் கட்டி, லென்டிவைரஸ் வழியாக செல்லில் சேர்த்து, டேக்கைப் பிடித்து இழுத்து, கூடவே ஒட்டி வந்தவை எவை என்று, எடையை வைத்துப் புரதங்களை அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்த்தார்கள். 2021இல் வெளியான மூன்றாம் பதிப்பில் 293டி செல்லில் மட்டும் 10,128 புரதங்களை இப்படித் தூண்டிலாக வைத்து, 1,18,162 இணைப்புகளைப் பதிவு செய்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி ஆன்டிபாடி தேடியிருந்தால் இந்த வரைபடம் நம் காலத்தில் வந்திருக்காது. தொடக்கத்தில் சொன்ன, பெயர் அடிபடாத மரபணுவை ஆராய்பவருக்கு இன்று முதல் துப்பு பெரும்பாலும் அந்தப் பட்டியலிலிருந்தே கிடைக்கிறது.

அதே வரைபடத்தை வாசிக்கும்போது டேக்கின் முனையையும் மறக்கக் கூடாது. பின்முனை முக்கியமான ஒரு புரதத்துக்கு அங்கே இணைப்புகள் குறைவாகத் தெரிந்தால், அந்த வெறுமைக்கு வால் காரணமாக இருக்கலாம்.

அளவும் எழுத்துப் பிழையும்

சேர்த்த மரபணுவைச் சிஎம்வி என்ற வலிமையான புரமோட்டர் இயக்கினால், புரதம் இயல்பைவிடப் பல மடங்கு பெருகும். செல்லில் நூறு பிரதிகளாக இருக்க வேண்டியது லட்சமாகக் கொட்டினால், தன் இடத்தில் இடமில்லாமல் எங்கெங்கோ பரவும், தனக்குச் சம்பந்தமில்லாத புரதங்களோடும் ஒட்டும். கூட்டாகச் சேர்ந்து இயங்கும் புரதமாக இருந்தால், துணைகள் அதே அளவில் இல்லாததால் பெரும்பகுதி சிதைக்கப்படும். படத்தில் செல் முழுக்கப் பச்சை தெரிவதைப் பார்த்து, இந்தப் புரதம் எங்கும் இருக்கிறது என்று எழுதிய கட்டுரைகளை நானும் வாசித்திருக்கிறேன். அந்தப் பச்சையில் பாதி, இடம் கிடைக்காமல் அலைந்த புரதம் என்பதே என் கணிப்பு.

மெல்லிய புரமோட்டர்கள் இருக்கின்றன. பிஜிகே அவற்றில் ஒன்று. ஸ்டெம் செல்களில் சிஎம்வி சில வாரங்களில் மெத்தில் பூட்டு விழுந்து அணைந்துவிடும் என்பதால் அங்கே இஎஃப்1 ஆல்ஃபா நல்லது. செல்லைக் கொல்லும் புரதமாக இருந்தால் நிலையான வரிசையே கிடைக்காது. கிடைப்பவை அந்தப் புரதத்தை எப்படியோ அணைத்துக்கொண்ட செல்களாகத்தான் இருக்கும். அதற்கு மன்ஃப்ரெட் கோசனும் ஹெர்மன் புயார்டும் 1992இல் கொடுத்த டெட்ராசைக்ளின் விசை இருக்கிறது. 1995இல் வந்த அதன் மறு வடிவத்தில் டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் மட்டும் மரபணு விழிக்கும். கொடுக்கும் அளவைப் பொறுத்துப் புரதத்தின் அளவையும் ஓரளவு அடக்கலாம்.

எழுத்துப் பிழையைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் கவனமான எழுத்தர் இல்லை. மான்ஸ்கியும் டெமினும் 1995இல் அளந்தபடி, ஒரு சுற்றில் ஒரு லட்சம் எழுத்துக்கு மூன்று நான்கு பிழைகள். சிறிய எண்போல் தெரியும். 1,500 எழுத்து நீளமுள்ள ஓஆர்எஃப்புக்குக் கணக்கிட்டால், சுமார் 20 நகல்களில் ஒன்றில் எங்கோ ஒரு பிழை இருக்கும். ஆயிரக்கணக்கான செல்கள் கலந்த கூட்டத்தில் அது மற்றவற்றில் கரைந்துவிடும். ஆனால் ஒற்றை செல்லிலிருந்து கிளோன் எடுத்து, அதைத்தான் இனி எல்லாவற்றுக்கும் பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால், அந்தக் கிளோனின் குரோமோசோமிலிருந்தே மரபணுவைப் பெருக்கி வரிசையைப் படிக்காமல் விடாதீர்கள். பிளாஸ்மிட்டைச் சோதித்த அறிக்கை இங்கே உதவாது. பிழை அதற்குப் பிறகுதான் விழுகிறது.

ஒவ்வொரு துகளிலும் இரண்டு ஆர்என்ஏ பிரதிகள் ஏறுகின்றன, நொதி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவித் தாவி எழுதும். ஒரே மரபணு மட்டும் இருக்கும் குழலில் இதனால் கேடில்லை. ஆயிரம் மரபணுக்களைக் கலந்து ஒரே பாத்திரத்தில் துகள் செய்தால், ஒன்றின் அடையாளக் குறி மற்றொன்றோடு மாறி ஒட்டிக்கொள்ளும். கலவைத் தொகுப்புகளில் 2018 வாக்கில் பலரும் இதைக் கண்டு எச்சரித்தார்கள்.

பாதுகாப்பு

இந்தத் துகள்களால் பெருக முடியாது. ஆனால் தொற்ற முடியும், அதற்காகத்தானே செய்கிறோம். உறையாகப் போர்த்திய ஜி புரதம் எல்டிஎல் ஏற்பியைப் பிடித்து நுழைகிறது. அந்த ஏற்பி மனித உடலின் பெரும்பாலான செல்களில் உண்டு. கையில் ஊசி குத்தினால், குழலில் இருக்கும் மரபணு குத்திய இடத்து செல்களில் நிரந்தரமாகத் தைத்துவிடும். அது ஜிஎஃப்பியா, புற்றைத் தூண்டும் ராஸ் திரிபா என்பதில்தான் ஆபத்தின் அளவு இருக்கிறது. ஆகவே உயிரியல் பாதுகாப்பு நிலை 2, இரட்டைக் கையுறை, கண் மறைப்பு, முடிந்தவரை ஊசியும் கண்ணாடியும் இல்லாத மேசை, தொட்டதையெல்லாம் பிளீச்சில் ஊறவைத்த பிறகே வெளியேற்றுவது.

விபத்து நேர்ந்தால் நேரம் கடத்தாமல் மருத்துவரிடம் போய், எந்த வைரஸ், எந்த மரபணு என்று சொல்ல வேண்டும். துகளுக்குள் இருக்கும் நொதிகள் ஹெச்ஐவியினுடையவையே என்பதால், ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸையும் இன்டக்ரேஸையும் தடுக்கும் ஹெச்ஐவி மருந்துகளால் இந்தத் துகளையும் தடுக்க முடியும். புரோட்டியேஸைத் தடுக்கும் மருந்துகளால் பயனில்லை. துகள் முதிரும்போதே அந்த நொதியின் வேலை முடிந்திருக்கும். இந்த வேறுபாட்டை விபத்துக்கு முன்பே தெரிந்துவைத்திருப்பவர் எத்தனை பேர் என்ற கவலை எனக்கு உண்டு.

இல்லாத இடத்தில் சேர்ப்பது

இன்று கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரிக்கோல் கொண்டு மரபணுவின் சொந்த இடத்திலேயே டேக்கைச் செருகலாம். சொந்தப் புரமோட்டர், சொந்த அளவு, எல்லா வடிவங்களும் அப்படியே. புரதம் எங்கே தங்குகிறது என்ற கேள்விக்கு அதுதான் மேலான வழி என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. அப்படியானால் டேக் கட்டிய லென்டிவைரஸ் குழலுக்கு என்ன வேலை மிச்சம்?

மீட்புச் சோதனை. ஒரு மரபணுவைக் கிரிஸ்பரால் உடைத்துவிட்டு, செல் தள்ளாடுகிறது என்று காட்டுவது பாதிச் சான்றுதான். கத்தரிக்கோல் வேறெங்கோ வெட்டியிருக்கலாம். உடைத்த அதே செல்லில் அதே மரபணுவை லென்டிவைரஸ் வழியாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். கத்தரிக்கோல் இன்னும் அங்கே இருந்தால் இதையும் வெட்டிவிடும் என்பதால், அமினோ அமிலம் மாறாதபடி கோடான்களை மட்டும் மாற்றி எழுதுவார்கள். செல் நலம் பெற்றால் இரண்டு செய்திகள் ஒரே சமயத்தில் கிடைக்கும்: தள்ளாட்டத்துக்குக் காரணம் இந்த மரபணுதான், நாம் கட்டிய வால் அதன் வேலையைக் கெடுக்கவில்லை. பெருவாரியாகக் கொட்டும் புரதத்தைப் பற்றிய அச்சத்துக்கும் இங்கே ஒரு கடிவாளம் உண்டு. இயல்பான செல்லில் உள்ள அளவையும் மீட்ட செல்லில் உள்ள அளவையும், அந்தப் புரதத்துக்கே ஏதாவது ஓர் ஆன்டிபாடி இருந்தால், ஒரே வெஸ்டர்ன் பிளாட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

அதன் பிறகு உடைந்த செல்லைப் பல தட்டுகளாகப் பிரிக்கலாம். ஒன்றில் காலிக் கடத்தி. ஒன்றில் இயல்பான மரபணு. ஒன்றில் நொதியின் இதயத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாற்றி முடக்கிய வடிவம். ஒன்றில் தொடக்கத்தில் சொன்ன குடும்பத்தில் கண்ட அதே எழுத்து மாற்றம். எல்லாவற்றிலும் ஒரே டேக், ஒரே புரமோட்டர், ஒரே எம்ஓஐ. இயல்பான மரபணு பெற்ற தட்டு எழுந்து வளர, நான்காவது தட்டு காலிக் கடத்தி பெற்ற தட்டுபோலவே தள்ளாடி நின்றால், நோய்க்குக் காரணமா இல்லையா என்று ஆண்டுக்கணக்கில் முடிவாகாமல் இருந்த ஒரு திரிபைப் பற்றி அந்தக் குடும்பத்தின் மருத்துவருக்கு எழுத ஒரு வலுவான சான்று கிடைத்துவிட்டது.